வெடிச்சத்தத்துக்கு நாய் பழகிவிடுவதில்லை

வடசென்னையில் வெடிச்சத்தத்துக்கு நாள் கிழமை கிடையாது. தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் சில நாட்கள் நீடிக்கும் சத்தம் எல்லா ஊருக்கும் பொது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேலும் உண்டு. ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது வெடி. மாதாவின் தேர்பவனி வரும்போது வெடி. கட்சித் தலைவர் வந்தால் ஆயிரம் வாலா, தேர்தலில் வென்றால் பத்தாயிரம் வாலா. கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்தால் நள்ளிரவிலும் வெடி. புத்தாண்டு பிறக்கும் பன்னிரண்டு மணிக்கு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரே சமயத்தில் வெடி. இவை போதாதென்று, நான் குடியிருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் செல்லும் வழியில், சாவு ஊர்வலத்தின் முன்னால் போட்டுக்கொண்டு போகும் வெடி. சாவு நாள் பார்த்து வருவதில்லை. அதனால் அந்த வெடியும் நாள் பார்த்து வருவதில்லை.

இத்தனை சத்தத்துக்கு நடுவே வளரும் நாய் அதற்குப் பழகிவிடும் என்பது எங்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் நம்பும் ஒன்று. என் நாய் செம்பி நடுங்கும்போதெல்லாம் மேல்வீட்டுப் பெரியம்மா, “பழகிடும் விடும்மா, இங்கியே பொறந்து வளர்ந்ததுதானே” என்பார். ஆறுதலாகச் சொல்லப்படும் இந்த நம்பிக்கைதான் நாய்களுக்குப் பெருந்தீங்காக முடிகிறது என்று நான் கருதுகிறேன். அது உண்மையில்லை என்பதோடு, அதை நம்புகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் காத்திருந்தே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் நாயின் பயம் முற்றுகிறது.

செம்பி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டின் அருகே பிறந்த நாட்டு நாய். சரக்கு ரயில் கடகடவென்று போகும்போது அவள் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் அப்படித்தான். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஓர் ஊசி வெடி வெடித்தால் எழுந்து நின்றுவிடுவாள். இந்த வேறுபாட்டைக் கவனித்தால் விஷயம் புரியும். ரயில் தூரத்தில் மெல்லத் தொடங்கி, பெருகி, தேய்ந்து போகிற சத்தம். அது வருவதும் போவதும் ஓர் ஒழுங்கில் இருக்கிறது. அத்தகைய சத்தத்துக்கு விலங்கின் மூளை பழகுகிறது. வெடிச்சத்தமோ முன்னறிவிப்பு இல்லாமல், முழு வேகத்தில், எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் உடல் உயிராபத்துக்கு எழுவதுபோல எழுகிறது: இதயம் படபடக்கிறது, அட்ரினலின் பாய்கிறது, ஓடு அல்லது ஒளிந்துகொள் என்று தசைகள் இறுகுகின்றன. இப்படித் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் மூளை பழகுவதற்குப் பதிலாக மேலும் கூர்மையாகிவிடுகிறது. அடுத்த முறை அதைவிடச் சின்னச் சத்தத்துக்கே அதே அளவு அச்சம் எழும். பிறகு பயம் பக்கத்துப் பொருள்களுக்குத் தாவும். வெடியோடு சேர்ந்து வந்த வெளிச்சம், கந்தக வாசனை, அதே போலத் திடீரென்று எழும் குக்கர் விசில், காற்றில் படாரென்று சாத்திக்கொள்ளும் கதவு என்று ஒவ்வொன்றாக அச்சத்தின் வட்டத்துக்குள் வந்து சேரும். ஐந்து வயதில் வெடிக்கு மட்டும் பயந்த நாய் எட்டு வயதில் சமையலறைப் பக்கம் வரவே மறுப்பது இப்படித்தான்.

எல்லா நாய்களும் இப்படி ஆவதில்லை என்பதும் உண்மை. ஒரே ஈற்றில் பிறந்து ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நாய்களில் ஒன்று ஆயிரம் வாலாவுக்கு அருகில் படுத்துத் தூங்கும், மற்றது குருவி வெடிக்கே ஓடிவிடும். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தினர் ஏறத்தாழ 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அச்சம் பதற்றம் சார்ந்த நடத்தைகளில் மிகப் பரவலாகக் காணப்பட்டது சத்தத்துக்கு அஞ்சுவதுதான். 32 சதவீத நாய்களிடம் அது இருந்தது. இனத்துக்கு இனம் அளவு மாறியதால் பிறவிக்கும் இதில் பங்குண்டு என்று அவர்கள் கருதுகிறார்கள். எனவே உங்கள் நாய் பயப்படுவதற்கு அதன் கோழைத்தனமோ நீங்கள் கொடுத்த செல்லமோ காரணம் என்று எண்ண வேண்டியதில்லை.

சத்தத்தின் அளவையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். ராக்கெட் சீறிக் கிளம்பும்போது நாம் கேட்பதைவிட அதிகமாகவே நாய் கேட்கிறது. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் மத்திய அரசு விதி வகுத்தது. எங்கள் சந்துகளில் பல, அந்த 4 மீட்டர் அகலமே இல்லாதவை. இருபுறமும் சிமெண்ட் சுவர். சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வருகிறது. பசுமைப் பட்டாசு என்ற முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது புகையிலுள்ள நுண்துகள்களைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்டது, சத்தமில்லாப் பட்டாசு அன்று. நமக்கு இருக்கும் பெரிய வசதி, திரியைப் பற்றவைக்கும் ஆளை நாம் பார்க்கிறோம், காதைப் பொத்திக்கொள்கிறோம், எதற்காக வெடிக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறோம். நாய்க்கு இந்த மூன்றும் கிடையாது.

பயத்தை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. நடுங்குவதும் கட்டிலுக்கடியில் ஓடுவதும் யாருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே நாய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். உணவு எதிரில் இல்லாதபோது உதட்டை நக்கும். காது பின்னுக்குப் படியும், கண்பாவை விரியும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். எச்சில் ஒழுகும். ஓரிடத்தில் படுக்க மாட்டாமல் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும். தரையில் ஈரப் பாதத் தடம் தெரியும், ஏனென்றால் நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கிறது. எப்போதும் ஆவலோடு தின்னும் பண்டத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். இந்த நிலையிலேயே உதவினால் எளிது. கதவைப் பிறாண்டிக் கால் நகம் பிய்கிற அளவுக்குப் போன பிறகு எந்த உபாயமும் அந்த இரவில் உள்ளே இறங்காது.

சமாதானப்படுத்தினால் பயம் வளரும், கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்று பலர் அறிவுரை கூறுவதைக் கேட்டிருக்கிறேன். நாய் வளர்ப்பவர்களிடையே இந்தக் கருத்து எப்படியோ வேரூன்றிவிட்டது. குரைப்பதும் கை நீட்டுவதும் நாய் செய்யும் செயல்கள். அவற்றுக்குப் பண்டம் கொடுத்தால் அவை கூடும். பயம் செயலன்று, உடலில் எழும் ஓர் உணர்ச்சி. பயந்திருக்கும் குழந்தையைத் தாய் மடியில் கிடத்திக்கொள்வதால் அது இன்னும் அதிகமாகப் பயந்துகொள்ளக் கற்றுக்கொள்வதில்லை. நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் இடம் கொடுங்கள். கையை அதன் மார்புப் பக்கம் வைத்து மெல்ல, நீளமாகத் தடவிக் கொடுங்கள். வழக்கமான குரலில் பேசுங்கள். அது விலகிப் போய் ஒளிய விரும்பினால் அதையும் விட்டுக்கொடுங்கள். இழுத்து வந்து மடியில் வைத்துக்கொள்வதும், திட்டுவதும், எல்லாவற்றையும்விடக் கொடுமையாக, பயம் தெளியட்டும் என்று வெடி வெடிக்கும் இடத்துக்கு அருகில் சங்கிலியால் கட்டிவைப்பதும் கூடவே கூடாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் அச்சத்தை அனுபவிக்கும் நாய் கடைசியில் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துப் பயம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது பயம் தெளிந்த நாயன்று. போராடிப் பயனில்லை என்று அறிந்துகொண்ட நாய்.

ஒளிந்துகொள்ள இடம் என்றதும் தனி அறை, மெத்தை, திரைச்சீலை என்று எழுதுகிறவர்கள் எங்களைப் போல ஒற்றை அறையும் சமையலறையுமாகக் குடியிருப்பவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் இது செய்யக்கூடியதே. நாய் தானாகவே ஓர் இடத்தைத் தேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து மேம்படுத்துவதுதான் நம் வேலை. செம்பி தேர்ந்தது பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூலை. தெருவைப் பார்த்த சுவரிலிருந்து அது தொலைவில் இருக்கிறது என்பதை அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். அங்கே கோணிப்பையும் என் பழைய நைட்டியும் விரித்து, மேலே கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். முன்பக்கம் எப்போதும் திறந்திருக்கும். பலருடைய நாய்கள் குளியலறையைத் தேர்கின்றன. சன்னல் சிறியது, சுவர் நான்கு பக்கமும் நெருங்கியிருக்கிறது, தரை குளிர்ச்சியாக இருக்கிறது. குளியலறைதான் வேண்டும் என்றால் அதையே கொடுத்துவிடலாம். வாளித் தண்ணீரையும் பினாயிலையும் அப்புறப்படுத்திவிட்டு, வெளியே தாழிடாமல் விட வேண்டும். அந்த இடத்தில் சாதாரண நாட்களிலும் அவ்வப்போது பண்டம் கிடைத்தால் அது நாய்க்கு நல்ல இடமாகப் பதியும்.

வெளியிலிருந்து வரும் சத்தத்தை முழுக்க அடைக்க நம்மால் முடியாது, மங்கச் செய்யலாம். மேசை மின்விசிறியை நாய் ஒளியும் இடத்தின் பக்கத்தில் அதிக வேகத்தில் வைப்பதும், ஏர் கூலர் இருந்தால் அதைப் போடுவதும், தொலைக்காட்சியை ஓடவிடுவதும் உதவும். எங்கள் வீட்டில் இதில் அதிகம் உதவுவது பழைய இரும்பு மின்விசிறியின் இரைச்சல்தான். காதில் பஞ்சு அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான நாய்கள் அதைப் பொறுத்துக்கொள்வதில்லை, உள்ளே தள்ளப்பட்டுவிட்டால் தனிச் சிக்கல்.

இனி, என் அனுபவத்தில் அதிகம் பயன் தந்த ஒன்றுக்கு வருகிறேன். சத்தம் கேட்டவுடன், நாய்க்கு மிகவும் பிடித்த உணவில் ஒரு துண்டைக் கொடுப்பது. இவ்வளவு எளிதா என்று தோன்றலாம். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய் உரிமையாளர்களிடம் எது பலனளித்தது என்று கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைக் கையாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் பலன் கிடைத்ததாகக் கூறியிருக்கிறார்கள். மூலிகை மருந்து, மணமூட்டும் எண்ணெய், ஹோமியோபதி போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே அப்படிச் சொன்னார்கள். அது வெறும் நம்பிக்கையால் விளையக்கூடிய அளவைத் தாண்டவில்லை. நாயின் உடலை இறுக்கிப் பிடிக்கும் உடுப்புக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நற்சான்று தந்தார்கள். நாய்க்கு அந்த உடுப்புப் பிடித்திருந்தால் முயலலாம், கேடில்லை.

உணவு கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு, அதைத் தவறவிட்டால் முயற்சி எதிர்மாறாக முடியும். சத்தம் முதலில், உணவு பிறகு. வெடி கேட்ட அடுத்த கணம் ஈரல் துண்டு வர வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் பாவ்லோவ் தம் நாய்களிடம் கண்டறிந்த அதே வரிசைதான்: முதலில் வருவது, பின்னால் வருவதன் அறிவிப்பாகிவிடுகிறது. வரிசை மாறி, நீங்கள் ஈரல் கிண்ணத்தைக் கையில் எடுத்த பிறகு வெடி வெடிப்பது வழக்கமாகிவிட்டால், கிண்ணத்தைப் பார்த்தாலே நாய் மூலைக்குப் போய்விடும். நாய் பயந்து நிற்கிறதா, அமைதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. உட்கார், கை கொடு என்று கட்டளையிடவும் வேண்டாம். சத்தம் வந்தது, ஈரல் வந்தது, அவ்வளவே.

உணவு எளிதில் கிடைக்காத, வாசனை மிக்க ஒன்றாக இருக்க வேண்டும். தினமும் போடும் தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் இதற்குப் போதா. வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு முள் எடுத்து வேகவைத்த மீன் துண்டு இன்னும் மலிவு. கருவாடு நாய்க்கு மிகவும் பிடிக்கும் என்றாலும் உப்பு அதிகம் என்பதால் வேண்டாம். குழம்பில் கிடந்த கறியும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. பண்டிகைப் பலகாரங்களில் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

வீட்டிலிருந்தே இதைப் பயில விரும்புகிறவர்கள் வெடிச்சத்தப் பதிவைக் கைப்பேசியில், நாய் காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் அளவுக்கு மிகத் தணிவாக ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் உணவு கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. கைப்பேசி ஒலிபெருக்கியில் அணுகுண்டு வெடியின் அடிவயிற்றைத் தாக்கும் அதிர்வு வராது என்பது இதன் குறை.

அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் தெருவில் வேறொரு வழி அமைந்தது. சாவு ஊர்வலம் முன்னறிவிப்போடு வருகிறது. முதலில் தெருக்கோடியில் பறை கேட்கும். வெடியும் அங்கிருந்தே மெல்லியதாகக் கேட்கத் தொடங்கும். ஊர்வலம் நெருங்க நெருங்கச் சத்தம் பெருகும். வாசலைக் கடந்து மூலக்கொத்தளம் நோக்கிப் போகும்போது மறுபடி தேயும். தொலைவே சத்தத்தைக் குறைத்துத் தருவதால், பதிவு செய்த ஒலியில் நாம் செயற்கையாகச் செய்யும் ஏற்ற இறக்கம் இங்கே இயல்பாகவே நிகழ்கிறது. பறை கேட்டவுடன் சன்னலை அடைத்து, மின்விசிறியைப் போட்டு, செம்பியின் மூலைக்கருகே உட்கார்ந்துவிடுவேன். தொலைவில் கேட்கும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு. ஊர்வலம் மிக நெருங்கி, அவள் உண்ண மறுக்கும் கட்டம் வந்தால் கொடுப்பதை நிறுத்திவிட்டு அருகில் மட்டும் இருப்பேன்; அது கடந்து சென்று அவள் மறுபடி வாய் திறக்கும்போது தொடர்வேன். உண்ண மறுப்பதுதான் எல்லைக்கோடு. அதற்கு மேல் வற்புறுத்தினால் ஈரலின் மேலேயே வெறுப்பு வரும். இப்போது பறை தொலைவில் கேட்டால் செம்பி மூலைக்குப் போய்த் திரும்பி என்னைப் பார்க்கிறாள். பயம் போய்விடவில்லை. நெருங்கிய வெடிக்கு இன்னும் நடுங்குகிறாள். ஆனால் தொலைவில் கேட்கும் வெடிக்கு இரை எடுக்கிறாள், ஊர்வலம் போனபின் வெகுசீக்கிரம் தூங்கிவிடுகிறாள். எனக்கு இது பெரிய விஷயம்.

இத்தனை செய்தும் தாங்க முடியாத நாய்களுக்கு மருந்து உண்டு. மருந்து கொடுப்பதை ஏதோ தோல்வி என்று எண்ணுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரீமரின் ஆய்வில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து பயன்பட்டதாகச் சொன்னவர்களின் பங்கும், உணவு முறைக்குக் கிடைத்த அளவை ஒட்டியே இருந்தது. டிராசோடோன், கபாபென்டின், அல்பிரசோலாம் போன்றவற்றில் எது, எவ்வளவு என்பதை நாயின் எடை, வயது, ஈரல், சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பாட்டிக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும், பிராந்தியைப் பாலில் கலந்து புகட்டுவதும் நாயைக் கொல்லக் கூடும். அசிப்ரோமசீன் என்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுப்பதையும் இன்றைய நடத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. அது உடலை அசையவிடாமல் செய்கிறதே தவிர அச்சத்தைக் குறைப்பதில்லை. நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழ முடியாமல் கிடக்கும். எனவே மருத்துவரிடம், இது நாயை மயக்குவதற்கா, பயத்தைக் குறைப்பதற்கா என்று தயங்காமல் கேட்கலாம்.

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறது. 1903-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நாயையும் ஆட்டையும் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ஓடாமல், ஒரு மாதம் முன்னதாகவே போவது நல்லது. எழுதிக் கொடுக்கும் மருந்தைச் சத்தமில்லாத சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்து, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, தள்ளாடுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பண்டிகை நாளில் முதல் வெடிக்கு முன்பே மருந்து உடலில் இறங்கியிருக்க வேண்டும். பயம் உச்சத்துக்கு ஏறிய பின் கொடுத்தால் பலன் குறையும்.

வயதான நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயப்படத் தொடங்கினால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினரும் பிரேசில் ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், மூட்டு, தசை வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் மற்ற நாய்களைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடுக்கிட்டுத் துள்ளும்போது வலிக்கிற இடுப்பு இன்னும் வலிக்கிறது. வலியும் சத்தமும் மனத்தில் ஒன்றாக முடிச்சிட்டுக்கொள்கின்றன. அந்த நாய்க்கு முதலில் வேண்டியது இடுப்பு வலிக்கான சிகிச்சை.

தீபாவளி நாளுக்கு என்று தனியாகச் சில ஏற்பாடுகள் உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம் என்று வரம்பிட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என்று நேரம் அறிவிக்கப்படுகிறது. நடைமுறையில் எண்ணெய்க் குளியல் முடிந்த விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே முந்தின இரவு தாமதமாக ஒருமுறையும், பண்டிகையன்று தெரு சற்று அடங்கியிருக்கும் பிற்பகலில் ஒருமுறையும் வெளியே கூட்டிப்போவது நல்லது. கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு இருக்கட்டும். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப் பட்டை மட்டும் தலைவழியே கழன்றுவிடும். பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையில் எழுதிவையுங்கள். பலகாரத் தட்டோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கும் நொடிதான் ஆபத்தானது. ஆகவே நாய் உள்ளறையில் இருக்கும்போது மட்டும் வாசற்கதவு திறக்கட்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால், மழை வந்தால் வெடி இருக்காது என்று நிம்மதி அடையவும் முடியாது. வெடி நின்ற இடத்தில் இடி தொடங்கும். இடிக்கும் அதே மூலை, அதே மின்விசிறி, அதே ஈரல்தான்.

வீட்டு நாய்க்காவது மூலை இருக்கிறது. தெருநாய்க்கு அதுவும் இல்லை. வெடிக்கு மிரண்டு நான்கு தெரு தாண்டி ஓடும் நாய், அங்குள்ள நாய்களின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது; அவை துரத்த, அது பேருந்துச் சாலையில் குறுக்கே பாய்கிறது. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று விதியே இருப்பது, நாய்க்குத் தன் எல்லை எவ்வளவு முக்கியம் என்பதனால்தான். நம்மால் முடிந்தது அதன் எல்லைக்குள்ளேயே ஒளிய இடம் தருவது. எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் பழைய கோணிகளைப் போட்டு, இரும்புக் கேட்டை அந்த இரண்டு மூன்று இரவுகளுக்குத் திறந்து வைக்கிறோம். முதலில் தயங்கிய கீழ்வீட்டு அண்ணன் இப்போது தாமே தண்ணீர்ச் சட்டி வைத்துவிடுகிறார். வண்டியைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பார்ப்பதும் அவசியம். பயந்த நாய் இன்ஜின் சத்தத்துக்குக்கூட வெளியே வராமல் சக்கரத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

தெருவில் வெடிக்கிறவர்களோடு பேசுவதற்கு நான் தயங்குவதில்லை. சாவுக்கு வெடி போடுவது இறந்தவருக்கு உறவுகள் செய்யும் மரியாதை. துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் நாயைக் காட்டி நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு முன்பு பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லலாம். கம்பி மத்தாப்பும் சங்கு சக்கரமும் புஸ்வாணமும் தெருவில் கொளுத்துங்கள். அணுகுண்டையும் லட்சுமி வெடியையும் மாநகராட்சி மைதானத்துக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒளிந்திருக்கும் நாய் எப்படி நடுங்குகிறது என்று ஒருமுறை தொட்டுப் பார்க்க வைத்தால் போதும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஒரு சந்து அளவிலாவது நம்மால் முடியாதா என்று நான் கேட்கிறேன். நாயின் வாலில் சரவெடியைக் கட்டுவதோ அதன் மேல் வெடியைக் கொளுத்திப் போடுவதோ வேறு, அது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறைக்கு விதிக்கப்பட்டுள்ள அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான் என்பது வேதனைக்குரியது என்றாலும், காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அது தடையில்லை.

பண்டிகை முடிந்த மறுநாள் நாயை உடனே பழைய நடைக்குத் திருப்ப வேண்டாம். பதற்றத்தில் உடலில் சுரந்த ஹார்மோன்கள் அடங்க நேரம் எடுக்கும். ஓரிரு நாட்கள் சத்தமில்லாத சின்ன நடை, வழக்கமான உணவு, நிறையத் தூக்கம் போதும். தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசையும் மருந்துத் தூளையும் அது முகராமலும் நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலையாவது நாம் பெருக்கிவிடலாம். ஒரு நாள் முழுக்க எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓடிப்போன நாயைத் தேடுகிறவர்களுக்கு: மிரண்ட நாய் பல நேரம் சில தெருக்களுக்குள்ளேயே ஏதாவது லாரிக்கு அடியிலோ கட்டடம் கட்டும் இடத்திலோ பதுங்கியிருக்கும், பகலில் கூப்பிட்டால் உங்கள் குரலுக்குக்கூட வராது. தெரு அடங்கிய பிறகு, விடிவதற்கு முந்தைய நேரத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் போய்த் தேடுங்கள். கண்டவுடன் அதை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அதற்குப் பழக்கமான உணவைப் போட்டுவிட்டு, அது தானாக வரும்வரை பேசிக்கொண்டிருங்கள். நாய் ஓடிய இடத்தில் உங்கள் துணி ஒன்றையும் அதன் விரிப்பையும் போட்டு வைத்தால் அந்த வாசனைக்குத் திரும்பி வந்து படுத்திருக்கக் கூடும். டீக்கடை, மீன் வண்டி, ஆட்டோ நிறுத்தம், தூய்மைப் பணியாளர்கள் என்று அதிகாலையில் தெருவில் இருப்பவர்களிடம் நாயின் படத்தையும் உங்கள் எண்ணையும் கொடுத்து வையுங்கள். பிடிக்க முயல வேண்டாம், பார்த்தால் தகவல் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.